17 வயதில் கர்ப்பம்: வழக்குக்குப் பயந்து மறைக்கலாமா?

கேள்வி: கூடலூர் பக்கம் ஒரு பணியர் பழங்குடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அங்கே 17 வயதுப் பெண் ஒருத்திக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஊர் வழக்கப்படி ஒரு பையனோடு சேர்ந்து வாழ்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவனைப் போலீஸ் பிடித்துவிடும் என்று மறைக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பக்கத்து வயநாட்டிலேயே, இப்படி வழக்கப்படி சேர்ந்து வாழ்ந்த பணியர் இளைஞர்கள் போக்சோ (18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் சட்டம்) வழக்கில் சிறைக்குப் போயிருக்கிறார்கள். அதனால் ‘ஒன்றும் ஆகாது, வாங்க’ என்று சொல்லி மட்டும் கூட்டிப் போகாதீர்கள். அப்புறம் அந்த ஊர் அடுத்த பெண்ணையும் அனுப்பாது. 18 வயது ஆகவில்லை என்றால் டாக்டர் போலீஸுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். விஷயம் தெரிந்த யாருக்கும், உங்களுக்கும்கூட, அந்தக் கடமை உண்டு. அதை மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே, அவள் குற்றவாளி இல்லை, வாக்குமூலத்தைப் போலீஸார் வீட்டிலேயே சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும், அவள் எங்கே இருப்பது என்பதைக் குழந்தைகள் நலக் குழு அவள் விருப்பத்தையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பழங்குடியினருக்கு வக்கீல் இலவசம், பையனுக்கும் சேர்த்து. இலவச சட்ட உதவி எண் 15100-க்கு இன்றே போன் செய்யுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். சம்மதத்தோடுதான் இருக்கிறாளா, இந்தக் குழந்தை வேண்டுமா? வேண்டாம் என்றால் 24 வாரம் வரை, டாக்டரின் ஒப்புதலோடும் (20 வாரம் தாண்டினால் இரண்டு டாக்டர்கள்) பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துச் சம்மதத்தோடும் கருக்கலைப்பு செய்யச் சட்டம் இடம் தருகிறது. அப்படிச் செய்யும்போது, அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குப் போகும் தகவலில் அவள் பெயரை டாக்டர் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்தாம் மாதம் என்கிறீர்கள். கையில் சில வாரங்கள்கூட இல்லாமல் இருக்கலாம்.

குழந்தை வேண்டும் என்றால் இந்த வாரமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. பணியர்களிடையே சிக்கிள் செல் ரத்தசோகை (பரம்பரையாக வரும் ரத்த நோய்) அதிகம் என்பதால் அந்தச் சோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். அந்த நோய் இருந்தால் பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தான். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், உள்பக்கம் வெளுத்திருந்தால் சத்து மாத்திரையோடு நிற்காமல் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்து கூடுதல். விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் எது வந்தாலும், ராத்திரியானாலும் 108.

மலைப்பகுதியில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. நாள் நெருங்குவதற்கு முன்பே தாயோடு போய்த் தங்க முடியுமா என்று செவிலியரிடம் கேட்டு வையுங்கள்.