அன்டார்டிகா பாறையில் அந்தக் கறுப்புப் பட்டை

பையனின் பள்ளிக் கண்காட்சிக்கு, அன்டார்டிகா உலர் பள்ளத்தாக்குப் படத்தில் வெளிர் மணற்பாறைக்கு நடுவே ஓடும் கறுப்புப் பட்டையை 'எரிமலை வழிந்தது' என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. அது வெளியே வழியவே இல்லை. சுமார் 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன், தென் கண்டங்கள் ஒன்றாய் ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டம் பிளக்கத் தொடங்கிய காலத்தில், பாறைக்குழம்பு மணற்பாறை அடுக்குகளின் இடுக்கில் புகுந்து நிலத்துக்குள்ளேயே இறுகியது. பெயர் ஃபெரார் டோலரைட். வழிந்திருந்தால் கீழேயுள்ள பாறை மட்டும்தான் வெந்திருக்கும். இடுக்கில் புகுந்ததால் மேலே, கீழே இரண்டு பக்கமும் வெந்திருக்கிறது. இதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், மும்பையில்தானே இருக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை அந்தேரி கில்பர்ட் ஹில்லுக்குக் கூட்டிப் போங்கள். பென்சில்களை நெருக்கி நட்டுவைத்த மாதிரி செங்குத்துக் கறுப்புத் தூண்கள். குழம்பு ஆறிச் சுருங்கியபோது விண்டவை. ஃபெரார் பாறையிலும் இப்படித் தூண்கள் உண்டு. ஆனால் கில்பர்ட் ஹில்லின் வயது சுமார் 6 கோடி ஆண்டுகள்தான், இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம்.