மறு: நெஞ்சில செல் (எறிகணை) துண்டோட ரோபோ ஒப்பரேசன் செய்யலாமோ?

கிளிநொச்சியில இருக்கிற அப்பாவுக்கு வலது நுரையீரலில கட்டி, 2009இல பட்ட செல் துண்டும் உள்ளுக்க, சென்னையில ரோபோ ஒப்பரேசன் எண்டு எழுதியிருக்கிறியள். ரோபோ தானா வெட்டாது. கைபிடியை அசைக்கிறது டொக்டர்தான். யோசிக்க வேண்டியது துண்டை விட, அதைச் சுத்தி நுரையீரல் ஒட்டியிருக்கோ எண்டதைப் பற்றி. விலா எலும்புகளுக்கிடையில ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் துளைகள் போட்டு, அந்தப் பக்க நுரையீரலைச் சுருங்க விட்டுத்தான் வேலை செய்வினம். நெஞ்சுச் சுவரோட ஒட்டியிருந்தா சுருங்காது. பிரிக்கேக்க கிழிஞ்சா நாள்க்கணக்கில காத்துக் கசியும், அந்தக் காத்தை வெளியேத்த நெஞ்சில போடுற குழாயை எடுக்கப் பிந்தும். நெஞ்சைத் திறந்து செய்ய வேண்டி வந்தா செலவு எவ்வளவு எண்டு இப்பவே கேளுங்கோ. எம்.ஆர்.ஐ. (காந்தத்தால எடுக்கிற ஸ்கான்) எண்டா செல் துண்டைக் கட்டாயம் முதலே சொல்லுங்கோ. அப்பா சுருட்டுப் பத்துறவரெண்டா இண்டைக்கே நிப்பாட்டட்டும். திரும்பி வாற பிளேன் ரிக்கெற்றை மட்டும் இப்ப போடாதேங்கோ. குழாய் எடுத்து, எக்ஸ்ரேயில நுரையீரல் விரிஞ்சது தெரிஞ்ச பிறகு டொக்டர் நாள் சொல்லுவார்.