பந்து பொறுக்கும் ரோபோட்டின் ரோலரில் எதைச் சுற்றலாம்: சிலிக்கோனா, பாலியூரித்தேனா, லேடெக்ஸ் குழாயா?

ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது தம்பி. ரோலர் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் பொருளைச் சொல்லலாம்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்தப் பாசமோ என்னவோ, பள்ளிப் பிள்ளைகளோடு செய்த முதல் ரோபோட்டில் ரோலராக வைத்த எல்லா பிவிசி பைப்பிலும் லேடெக்ஸ் என்ற இயற்கை ரப்பர் குழாயைச் சுற்றினோம். ரோலருக்கு எதிரே இருந்த தகட்டிலும் ரப்பரை ஒட்டினோம். பந்து, எஃப்ஆர்சி என்ற பள்ளி மாணவர் ரோபோட் போட்டியில் 2020-ல் வந்ததுபோல 7 அங்குல ஃபோம் பந்து. ஒற்றைப் பந்து என்றால் சர்ரென்று ஏறும். இரண்டாவது வந்து முட்டியதும் மோட்டார் உறுமும், ரப்பர் வாடை வரும், பந்து அசையாது.

காரணம் எளிது. ரோலர் ஒரு பக்கம் தள்ள, எதிர்த்தகடு பிடித்து நிறுத்த, பந்து உருண்டுகொண்டே ஏறும். இரண்டு பந்தும் ஒரே பக்கமாக உருண்டால், தொடும் இடத்தில் ஒன்று மேலே தேய்க்கும், மற்றது கீழே தேய்க்கும். மல்லுக்கட்டுதான்.

அம்மா ரப்பர் தோட்டத்தில், உறைந்த பாலைத் தகடாக அழுத்தும் சீட்டு மிஷின் சுற்றியவர். பார்த்துவிட்டு, "எடுத்த எடுப்புல வரி ரோலர்ல விடுவாங்களாடா? முதல்ல வழு ரோலர்ல விட்டு மெலிசாக்கணும்" என்றார். அவர் சொன்னது பால் சீட்டை. ஆனால் எனக்கு அந்த 'வழு' உறைக்க, அன்று இரவே எதிர்த்தகட்டு ரப்பரைப் பிய்த்துவிட்டு வெறும் பாலிகார்பனேட் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக் தகட்டை மாட்டினேன். பந்து சறுக்க இடம் கிடைத்ததும் முக்கால்வாசி சிக்கல் போய்விட்டது. மீதிக்கு, மேல் ரோலரைக் கீழ் ரோலரைவிட வேகமாகச் சுற்றவிட்டு இடைவெளி உண்டாக்கினோம்.

இப்போது எங்கள் கணக்கு: தரையில் பந்தை முதலில் தொடும் ரோலருக்கு மெத்தென்ற சிலிக்கோன் சக்கரம், ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 30, 40 பக்கம். பந்து அரை அங்குலமாவது அமுங்க வேண்டும். உள்ளே ஏற்றிச் செல்ல பாலியூரித்தேன் கயிறு பெல்ட். எறியும் சக்கரத்துக்குக் கெட்டியான பாலியூரித்தேன். மெத்தென்றது வேகத்தில் வெளியே உப்பி, ஒரு பந்து தூரமும் இன்னொரு பந்து கிட்டவும் விழும். லேடெக்ஸ் குழாயை நான் விட்டுவிட்டேன். இழுத்துக் கட்டியது நாளாவட்டத்தில் வெடிக்கும், சங்கிலி கிரீஸ் பட்டால் ஊதிப் போகும்.

பந்து மாறினால் இதெல்லாம் மாறும். அதே போட்டியில் 2022-ல் வந்த 9.5 அங்குலப் பெரிய டென்னிஸ் பந்தின் ரோமம் வேறு மாதிரி பிடிக்கும்.

வாங்குமுன், ஒரு துண்டைப் பைப்பில் சுற்றி, பந்தை அமுக்கி, பெட்டி நிறுக்கும் கைத்தராசால் இழுத்துப் பாருங்கள். பிறகு அதே துண்டை மண்டபத் தரையில் நன்றாகப் புரட்டிவிட்டு மறுபடி இழுங்கள். சிலிக்கோனின் பிடி எங்கள் செம்மண் தூசியில் அப்படியே இறங்கிவிட்டது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பதற்கென்றே ஒரு பையனை வைத்திருக்கிறோம்.