மெடிக்கலில் நிராகரித்துவிடுவார்களோ? – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: ஐயா, நான் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவன். வயது 21. பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சி.டி.எஸ். (முப்படை அதிகாரிகளுக்கான) எழுத்துத் தேர்வில் தேறி, பெங்களூரில் நடக்கும் எஸ்.எஸ்.பி. (படைத் தேர்வு வாரிய) நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர வேண்டும் என்பது பள்ளி நாள் முதல் உள்ள ஆசை. ஆனால் நேர்காணலைவிட, அதற்குப் பிறகு நடக்கும் மருத்துவப் பரிசோதனையை நினைத்தே தூக்கம் கெடுகிறது. வலது கண்ணில் மைனஸ் 3, இடது கண்ணில் மைனஸ் 2.75 கிட்டப்பார்வை இருக்கிறது. உடனே லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் கண் அறுவை) செய்துகொள்ளச் சொல்கிறார்கள். சென்ற மாதம் ரத்த அழுத்தம் பார்த்தபோது 146/92 என்று காட்டியது. சிறு வயதில் வீசிங் வந்து நெபுலைசர் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் மறைத்துவிடு என்கிறார்கள் நண்பர்கள். நான் தேறுவேனா?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒரே பயமாகத் திரண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், ஒன்று பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. இன்னொன்றுக்கு ஒரு வாரம் பொறுமையாக அளந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும். மூன்றாவதற்கு மட்டும் ஒரு நுரையீரல் நிபுணரைப் பார்த்தாக வேண்டும்.

முதலில் கண். இராணுவத்தின் பட்டதாரி நிலை நுழைவுகளுக்கு, கண்ணாடி இல்லாமல் 6/60 வரையிலும், கண்ணாடியுடன் 6/6 என்றும் பார்வை இருக்க வேண்டும். கிட்டப்பார்வை மைனஸ் 3.5-ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. உங்கள் எண்கள் அந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஆகவே, கண்ணாடி போட்டால் இரண்டு கண்ணிலும் 6/6 வருகிறதா என்பதையும், கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தெரிகிறது என்பதையும் ஒரு கண் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லேசிக் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, இப்போது அதைச் செய்துகொள்ளாதீர்கள் என்பதுதான். அறுவை நடக்கும்போது வயது 20 நிறைந்திருக்க வேண்டும், அறுவைக்குப் பின் குறைந்தது 12 மாதங்கள் கடந்திருக்க வேண்டும் என்று இராணுவம் கேட்கிறது. அடுத்த மாதம் நேர்காணல் என்ற நிலையில் இன்று கண்ணில் லேசர் வைத்தால், கண்ணாடியோடு தகுதி பெறக்கூடிய நீங்கள், கண்ணாடி இல்லாமல் தகுதி இழந்து நிற்பீர்கள். லேசிக் கட்டாயம் தேவைப்படுகிறவர்களும் பணத்தைக் கட்டுவதற்கு முன் கண்ணின் நீளத்தை அளந்துகொள்வது நல்லது. முன்னிருந்து பின்னாக அந்த நீளம் 26 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஏற்கமாட்டார்கள். லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றும், நீளத்தை மாற்றாது. அறுவைக்குப் பிறகு கருவிழியின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக்கூடாது என்ற விதியும் உண்டு. கருவிழி இயல்பிலேயே மெல்லியதாக இருக்கிறவர்கள் இதை மறந்துவிட்டு அறுவைக்குப் போகக்கூடாது.

இனி ரத்த அழுத்தம். ஒரே ஒரு முறை, ஒரு கிளினிக்கில், அநேகமாகப் படியேறிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டி எடுத்த 146/92-ஐ வைத்து உங்களை நீங்களே நோயாளி ஆக்கிக்கொள்ள வேண்டாம். 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் நிராகரிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் மருத்துவரைக் கண்டாலே எகிறும் அழுத்தம் என்று ஒன்று இருப்பதை இராணுவ மருத்துவர்களும் நன்கு அறிவார்கள். அதனால்தான் அளவு கூடுதலாகக் காட்டுகிறவர்களுக்கு 24 மணி நேரம் கையில் பட்டை கட்டிவிட்டு, அவர்கள் நடக்கும்போதும் உண்ணும்போதும் உறங்கும்போதும் குறிப்பிட்ட இடைவெளியில் கருவி தானே அளந்து பதிவு செய்யும் சோதனையைச் செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய நெறிமுறையிலேயே இருக்கிறது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இதுதான். மேற்கையில் கட்டும் கருவி ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ டீயோ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி, காலைக் குறுக்கே போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டக்கூடாது. உங்கள் கைக்குப் பட்டை சிறியதாக இருந்தால் அளவு பொய்யாகக் கூடும் என்பதை ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும். இப்படி எடுத்த அளவுகள் பெரும்பாலும் 130/80-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக நேர்காணலுக்குத் தயாராகுங்கள். அப்போதும் கூடுதலாகவே இருந்தால், இராணுவத்துக்காக இல்லாவிட்டாலும் உங்கள் உடலுக்காக ஒரு பொது மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். 21 வயதில் உண்மையான உயர் ரத்த அழுத்தம் இருந்தால் அதற்குச் சிறுநீரகம் போன்ற காரணங்கள் உண்டா என்று தேடுவது கட்டாயம். பரிசோதனைக்கு முதல் நாள் மாத்திரை போட்டு அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

வீசிங் விஷயத்தில் நண்பர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப வந்த ஆஸ்துமாவோ இளைப்போ நிராகரிப்புக்குக் காரணம் என்று விதி சொல்கிறது. மூன்று வயதில் சளிக் காய்ச்சலோடு ஓரிரு முறை வந்து நின்றுபோன இளைப்பு வேறு, பத்து வயது வரை இன்ஹேலரோடு பள்ளிக்குப் போனது வேறு. உங்களுடையது எது என்பது உங்கள் அம்மாவுக்கும் அன்று பார்த்த குழந்தை மருத்துவருக்கும்தான் தெரியும். அவர்களிடம் கேளுங்கள், பழைய சீட்டுகள் கிடைத்தால் எடுத்து வையுங்கள், ஒரு நுரையீரல் நிபுணரிடம் ஊதிப் பார்க்கும் சோதனையைச் செய்துகொண்டு அறிக்கை வாங்குங்கள். மருத்துவ வாரியத்தில் முன்பு இருந்த நோய்களைக் கேட்கும் படிவத்தை நீங்களே நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். அதில் பொய் எழுதுவது உங்களுக்கும் ஆபத்து, நாளை உங்கள் கட்டளைக்குக் கீழே வருகிறவர்களுக்கும் ஆபத்து. சியாச்சின் போன்ற உயரத்தில் மூச்சு முட்டும்போது மறைத்த செய்தி தானாக வெளியே வரும். அங்கே உங்களைச் சுமந்து இறங்க வேண்டியவன் உங்கள் ஜவான்.

எஸ்.எஸ்.பி.யில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டுமே மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அதன் முடிவு மூன்று விதமாக வரலாம்: தகுதி, தற்காலிகத் தகுதியின்மை, நிரந்தரத் தகுதியின்மை. காதில் குறும்பி அடைத்திருப்பது, கூடுதல் எடை, மூலம், விதைப்பையில் நீர் கோர்த்திருப்பது போன்றவை பெரும்பாலும் தற்காலிகப் பட்டியலில்தான் வரும். மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்கு 42 நாட்கள் அவகாசம் உண்டு. நிரந்தரத் தகுதியின்மை என்று எழுதினாலும் அந்த வாரியத்தின் முன் போகலாம். அதிலும் ஒத்துவரவில்லை என்றால் மறுஆய்வு வாரியம் கேட்டு விண்ணப்பிக்கலாம்; ஆனால் அதை அளிப்பது ஆயுதப்படை மருத்துவச் சேவைகளின் தலைமை இயக்குநருடைய விருப்பத்தைப் பொறுத்தது, உரிமையாகக் கேட்க முடியாது. தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி. வெளியிடும் தகுதிப் பட்டியலில் மருத்துவ முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவதில்லை. ஆகவே பட்டியலில் பெயர் வந்தாலும், தகுதிச் சான்று கையில் இல்லாமல் சேர்க்கைக் கடிதம் வராது.

இன்னும் நேரம் இருக்கும்போதே பல் மருத்துவரிடமும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் ஒரு முறை போய் வாருங்கள். நல்ல நிலையில் உள்ள பற்களை எண்ணிப் புள்ளி போடுவார்கள்; குறைந்தது 14 புள்ளிகள் வேண்டும். காதைச் சோதிக்கும்போது, பரிசோதிப்பவருக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, 610 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து கிசுகிசுப்பதை ஒவ்வொரு காதாலும் கேட்கச் சொல்வார்கள். குறும்பியை எடுத்துவிட்டுப் போகிறவருக்கு இதில் ஒரு சிரமமும் இராது.

கேள்வி: என் மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுத ஆசைப்படுகிறான். அவனுக்கு முட்டி தட்டும். பாதமும் தட்டையாக இருக்கிறது. பயிற்சி வகுப்பில், முட்டிக்கு இடையில் தலையணை வைத்துத் தூங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒரு தாயாக என்ன செய்ய வேண்டும்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: அம்மா, தட்டைப் பாதத்தைப் பற்றி அநாவசியமாகப் பயப்படுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். பையனை வெறுங்காலோடு தரையில் நிற்கவைத்து, நுனிக்காலில் எழும்பச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு தோன்றினால், அவனால் நுனிக்காலில் வலியில்லாமல் குதித்து ஓட முடிந்தால், பாதம் இறுக்கமின்றி அசைந்தால், அப்படிப்பட்ட பாதத்தை இராணுவம் ஏற்றுக்கொள்கிறது. நுனிக்காலில் நின்றும் வளைவு வராத விறைத்த பாதம்தான் பிரச்சினை.

முட்டி தட்டுவதற்கு அளவு இருக்கிறது. முட்டிகள் ஒட்டியிருக்க நேராக நிற்கும்போது, இரண்டு கணுக்காலின் உட்புற எலும்புகளுக்கு இடையே உள்ள தூரம் ஆண்களுக்கு 5 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்களுக்கு 8 சென்டிமீட்டருக்கு மேலும் போகக்கூடாது. வீட்டில் ஸ்கேலை வைத்து அளந்து பதற்றப்படுவதைவிட ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டுவது மேல். தொடையில் சதை கூடுதலாக இருப்பவர்களுக்கு முட்டி தட்டுவது போலத் தோன்றுவதும் உண்டு. எடை குறையும்போது அந்த இடைவெளியும் குறையும். ஆனால் எலும்பின் கோணமே அப்படி இருந்தால், வளர்ச்சி முடியும் வயதில் தலையணையும் யோகாசனமும் அதை மாற்றாது. இதை நம்பிக் காசைச் செலவழிக்க வேண்டாம். எலும்பு இன்னும் வளரும் நிலையில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்து மருத்துவர் சொல்வார். சிகிச்சைக்கு இடம் இருந்தால் அது இந்த வயதில்தான் இருக்கும். என்.டி.ஏ.வுக்கான வயது பதினாறரையில் தொடங்கிப் பத்தொன்பதரையில் முடிந்துவிடுகிறது. எனவே இந்த விடுமுறையிலேயே போய் வாருங்கள். மருத்துவர் முடியாது என்று சொன்னால், அவனிடம் அதை நீங்களே நேராகச் சொல்லுங்கள். இரண்டு வருடப் பயிற்சிக் கட்டணத்துக்குப் பிறகு ஓர் அந்நியர் வாயால் அவன் கேட்கக்கூடாது.

கேள்வி: மகள் அகாடமியில் சேரப்போகிறாள். பயிற்சியின்போது காயம்பட்டால் வெளியே அனுப்பிவிடுவார்களா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: காயம்பட்ட உடனே அனுப்பிவிடுவதில்லை. சிகிச்சைக்குப் பிறகு, தவறவிட்ட பயிற்சியை அடுத்த அணியோடு சேர்ந்து முடிக்க வைப்பதே வழக்கம். பரங்கிமலைப் பயிற்சி 49 வாரங்கள் நீளும். ஓட்டத்திலும் சுமை நடையிலும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் நுண்ணிய முறிவு வருவது இரு பாலாருக்கும் நேர்வதுதான், பெண்களுக்குச் சற்று அதிகம். சேருவதற்கு முன்பே மெல்ல மெல்ல ஓட்டத்தைக் கூட்டி, இரும்புச்சத்தும் வைட்டமின் டி-யும் குறைவாக உள்ளனவா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளட்டும். வலியை மறைத்து ஓட வேண்டாம் என்று இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

நிரந்தர ஊனம் ஏற்பட்டு வெளியேற நேர்கிறவர்களின் நிலை வருத்தத்துக்குரியது. அதிகாரியாகப் பதவியேற்கும் முன்பே வெளியேறுவதால் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடைப்பதில்லை. ஊனமுற்ற அதிகாரிக்குரிய ஓய்வூதியத்துக்குப் பதிலாகக் கருணைத் தொகைதான் தரப்படுகிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதன் பின் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் வசதி இவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்தக் கருணைத் தொகையும் உயர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மகள் சேரும் நாளில், காயங்களைப் பதிவு செய்யும் முறை என்ன என்பதை அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஒவ்வொரு காயமும் அன்றன்றே மருத்துவப் பதிவில் ஏறியிருப்பது அவளுக்குப் பாதுகாப்பு.