அச்சு எது என்று அறிந்து கட்டுங்கள்: பழைய ஹாட் ராட் மாடல் கிட்கள் பற்றி வாசகர் கேள்விகள்

1950களின் இறுதியிலும் 1960களிலும் அமெரிக்காவில் வெளிவந்த, ஹாட் ராட் கார்களின் (வேகத்துக்காக எடையைக் குறைத்து, எஞ்சின் திறனைக் கூட்டி மாற்றியமைத்த பழைய கார்களின்) பிளாஸ்டிக் மாடல் கிட்களைச் சேகரிப்பது, கட்டுவது, பழுது நீக்குவது தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது ஏஎம்டி நிறுவனத்தின் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் கிட் ஒன்றை எனக்குக் கொடுத்தார். பெட்டி மிகவும் பழையதாகத் தெரிகிறது. இது அந்தக் காலத்து அசலா, பின்னால் வந்த மறுவெளியீடா என்பதை எப்படி அறிவது?
– ஒரு வாசகர், நியூஜெர்சி

பதில்: பெட்டியின் பழுப்பு நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், பரணில் இருபது ஆண்டுகள் கிடந்தால் எந்த அட்டைப் பெட்டியும் அப்படித்தான் ஆகும். முதலில் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். ஒரு கிட்டுக்கு உயிர், அதன் பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் எஃகு அச்சு. அந்த அச்சைச் செய்வதற்குத்தான் பெரும் பணம் செலவாகும் என்பதால், ஒரு முறை செய்த அச்சை நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் வைத்திருந்து, புதுப் பெட்டி, புது ஸ்டிக்கர்களுடன் மீண்டும் மீண்டும் வார்த்து விற்றன. நிறுவனம் கைமாறும்போது அச்சும் கைமாறியது. மிச்சிகன் மாநிலத்தின் டிராய் நகரில் இயங்கிய ஏஎம்டியை 1978இல் லெஸ்னி வாங்கியது. 1980களின் தொடக்கத்தில் அது எர்ட்டலிடம் போனது. இன்று அந்தப் பெயரில் கிட்களை வெளியிடுவது ரவுண்ட் 2 நிறுவனம். ஆகவே பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் உள்ள நிறுவனப் பெயர்களில் லெஸ்னியோ எர்ட்டலோ ரவுண்ட் 2வோ இருந்தால், மேலட்டையின் ஓவியம் எவ்வளவு பழைய பாணியில் இருந்தாலும், அது மறுவெளியீடுதான்.

அடுத்து பார்கோடு. அமெரிக்கக் கடைகளில் பார்கோடு பயன்பாட்டுக்கு வந்தது 1974இல்தான். எனவே பார்கோடு அச்சிட்ட பெட்டி 1960களைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. முகவரியையும் படியுங்கள். அமெரிக்க அஞ்சல் எண்ணான ஐந்து இலக்க ஜிப் குறியீடு 1963 ஜூலையில் அறிமுகமானது. அந்த எண் இருந்தால் பெட்டி அதற்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் எண் இல்லாததால் மட்டும் பெட்டி அதற்கு முந்தியது ஆகிவிடாது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாகத்தின் அடியிலோ செய்முறைத் தாளிலோ ஓர் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அது வடிவமைப்புக்கான உரிமை பதிவான ஆண்டே தவிர, உங்கள் கையிலுள்ள பிளாஸ்டிக் வார்க்கப்பட்ட ஆண்டு அன்று. நாற்பது ஆண்டுகள் கழித்து வார்த்த பாகத்திலும் அதே எண் அப்படியே இருக்கும். விற்பவர் அந்த எண்ணைக் காட்டி அசல் என்று சொன்னால் பணத்தை எடுக்க அவசரப்படாதீர்கள்.

கேள்வி: எத்தனையோ கார்கள் இருக்க, ஹாட் ராட் என்றாலே 1932 ஃபோர்டை முன்னிறுத்துவது ஏன்? கிட் நிறுவனங்களும் அதையே திரும்பத் திரும்பச் செய்திருக்கின்றனவே?
– ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: காரணம் எஞ்சினில் தொடங்குகிறது. சாமானியர் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை ஃபோர்டு முதன்முதலாகக் கொடுத்தது 1932இல். ஃப்ளாட்ஹெட் என்று அழைக்கப்படும் அந்த எஞ்சின் 221 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.6 லிட்டர் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்டது. இன்றைய கணக்கில் அது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் காரின் எடைக்கு அது தாராளம். அதைவிட முக்கியமாக, கைவேலை தெரிந்த ஓர் இளைஞன் வீட்டுக் கொட்டகையிலேயே அதன் திறனைக் கூட்ட முடிந்தது. தெற்குக் கலிபோர்னியாவில் மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப் படுகைகளில் அந்த இளைஞர்கள் மட்கார்டுகளையும் பம்பர்களையும் கழற்றி எடையைக் குறைத்து, வேகத்தை அளந்து பார்த்தார்கள். அங்கு நடந்த ஓட்டங்களை முறைப்படுத்தவே 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் படையிலிருந்து திரும்பியவர்களால் இந்தக் கலை பரவியது. 1948இல் இதற்கென்றே தனி மாத இதழும் வந்தது.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரிவது. பெரும்பாலான பழைய கார்களின் மட்கார்டைக் கழற்றினால் உள்ளே இருக்கும் அடிச்சட்டம் அவலட்சணமாகத் தெரியும். 1932 ஃபோர்டின் சட்டமோ பக்கவாட்டில் ஒரு மெல்லிய புடைப்புக் கோட்டுடன் உடலின் வளைவை ஒட்டியே ஓடுகிறது. வெறும் சட்டத்தோடு நிற்கும்போதுதான் அந்தக் கார் இன்னும் அழகாக இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கிட்டைக் கட்டும்போது அந்தக் கோட்டின் மேல் வண்ணம் கனமாகப் படிந்து மழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது போனால் காரின் முகக்களையே போய்விடும்.

கழற்றுவதும் மாற்றுவதுமாக இருந்த இந்தப் பழக்கம்தான் கிட்களின் அமைப்பையும் தீர்மானித்தது. டிட்ராய்ட் கார் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக விளம்பர மாதிரிகளைச் செய்து கொடுத்துவந்த ஏஎம்டி, 1958இல் ஒரே பெட்டியிலிருந்து தொழிற்சாலை வடிவிலோ அலங்கார வடிவிலோ பந்தய வடிவிலோ கட்டிக்கொள்ளக்கூடிய கிட்களைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த டிராபி சீரிஸ் வரிசையில் 1932 ஃபோர்டு போன்ற பழைய கார்கள் இடம்பெற்றன. நீங்கள் ஒரு வடிவத்தைக் கட்டி முடித்த பின் மிஞ்சும் பாகங்களை எறிந்துவிடக் கூடாது. சேகரிப்பாளர்கள் தேடி அலைவது பெரும்பாலும் அந்த மிச்சங்களைத்தான்.

கேள்வி: 1/24, 1/25 என்ற இரண்டு அளவுகளுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு உண்டா? ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் பொருத்தலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கணக்கிட்டுப் பாருங்கள். 1932 ஃபோர்டின் முன் பின் சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 106 அங்குலம், அதாவது 2,692 மில்லிமீட்டர். 25இல் ஒரு பங்காகச் சுருக்கிய 1/25இல் அது ஏறத்தாழ 107.7 மில்லிமீட்டர், 1/24இல் 112.2 மில்லிமீட்டர். சட்டத்தையும் உடலையும் மாற்றிப் பொருத்த முயன்றால் நான்கரை மில்லிமீட்டர் இடிக்கும். சக்கரம், கார்புரேட்டர், இருக்கை போன்ற சிறு பாகங்களில் வேறுபாடு தெரியாது. டிட்ராய்ட் வட்டாரத்து நிறுவனங்கள் பொதுவாக 1/25இலும், சிகாகோவின் மோனோகிராம் பெரும்பாலும் 1/24இலும் செய்தன.

கேள்வி: என் மகனின் ஹாட் வீல்ஸ் பொம்மைகளில் கண்ணாடிக் குமிழ் மூடிய ‘பீட்னிக் பேண்டிட்’ என்ற கார் இருக்கிறது. அதற்கு மாடல் கிட்டும் உண்டு என்கிறார்கள். அது உண்மையான ஹாட் ராட் தானா?
– ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: உண்மையான கார்தான். கலிபோர்னியாவின் எட் ராத், ஓர் ஓல்ட்ஸ்மொபைல் காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன் மேல் கண்ணாடியிழை உடலைத் தன் கையால் வார்த்து, தலைக்கு மேல் ஒளி ஊடுருவும் குமிழை ஏற்றி, ஸ்டீயரிங் வட்டத்துக்குப் பதிலாக நடுவில் ஒரே ஒரு கைப்பிடியை வைத்துச் செய்தது அது. நெவாடாவின் ரீனோ நகரிலுள்ள தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். 1960களின் தொடக்கத்தில் ரெவெல் நிறுவனம் ராத்தின் கார்களை வரிசையாகக் கிட்களாக்கியது. ராத் வரைந்த ‘ராட் ஃபிங்க்’ எலியும் அவற்றோடு சேர்ந்து வந்தது. மேட்டல் 1968இல் ஹாட் வீல்ஸைத் தொடங்கியபோது வெளியிட்ட முதல் பதினாறு கார்களில் பீட்னிக் பேண்டிட்டும் ஒன்று. கிட் பின்னாளில் மறுவெளியீடு கண்டிருப்பதால், மகனோடு சேர்ந்து கட்டுவதற்கு அசல் பெட்டியைத் தேட வேண்டியதில்லை. குமிழை மட்டும் சாதாரண பிளாஸ்டிக் பசையால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி கண்ணாடி போன்ற பாகத்தில் மங்கலை ஏற்படுத்தும். காய்ந்தால் நிறமற்றுப் போகும் வெள்ளைப் பசை போதுமானது.

கேள்வி: பழைய பொருள் சந்தையில் ஏற்கெனவே யாரோ சிறுவயதில் கட்டிய 1929 ஃபோர்டு மாடல் ஒன்று கிடைத்தது. பசை வழிந்து, தூரிகையால் தடவிய பச்சை வண்ணத்துடன், டயர்கள் ரிம்மோடு உருகி ஒட்டிக் கிடக்கிறது. இதை மீட்க முடியுமா?
– ஒரு வாசகர், சிகாகோ

பதில்: முடியும், என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகுந்த நிறைவு தரும் வேலை இதுதான். சீல் உடையாத பெட்டியைக் கட்டும்போது ஓர் அரிய பொருள் குறைகிறது. இப்படிக் குலைந்து கிடப்பதை மீட்கும்போது ஒன்று கூடுகிறது.

முதலில் மாடலை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு ஓர் இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள். கெட்டியாகப் பூசிய பழைய பசை குளிரில் நொறுங்கும் தன்மை அடையும். வெளியே எடுத்த உடனே, மெல்லிய கத்தியின் நுனியை இணைப்பில் நுழைத்து மெதுவாகத் திருகினால் பல இணைப்புகள் டக்கென்று விட்டுவிடும். எல்லா இணைப்பும் விடாது. பசை, கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக உருக்கியிருக்கும் இடங்களில் வலிந்து பிரித்தால் உடல் கிழியும். அங்கே நுண்ணிய ரம்பத்தால் அறுப்பதே பாதுகாப்பு.

வண்ணத்தை அகற்ற 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். அதற்கு அசையாத எனாமலுக்குப் பிரேக் ஆயில் பயன்படும், கையுறை கட்டாயம். எதையும் முதலில் உடலின் உட்பக்கத்தில் ஒரு மூலையில் தடவிச் சோதித்துவிட்டே முழுதும் இறக்க வேண்டும். உரிந்துபோன குரோம் பூச்சை வீட்டில் துணி வெளுக்கப் பயன்படும் பிளீச் கரைத்துவிடும். அதன் அடியில் இருக்கும் மஞ்சள் வார்னிஷுக்குத் தனியாக ஆல்கஹால் குளியல் தேவைப்படலாம். பிளீச்சை ஆல்கஹாலுடனோ வேறு எந்தத் துப்புரவுத் திரவத்துடனோ கலக்கக் கூடாது, நச்சு வாயு உண்டாகும். இரண்டுக்கும் இடையே பாகங்களைத் தண்ணீரில் நன்றாக அலசிக் காய வையுங்கள்.

டயர்கள் உருகியது வெப்பத்தால் அன்று. வினைல் டயரை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை அரித்துவிடுகிறது. அரிபட்ட ரிம்முக்கு மருந்து கிடையாது. வேறு கிட்டில் மிஞ்சிய ஒன்றைத் தேட வேண்டும், அல்லது ரெசினில் வார்த்தோ முப்பரிமாண அச்சில் எடுத்தோ விற்பவர்களிடம் வாங்க வேண்டும். இனிக் கட்டும் எந்தக் காரிலும் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே அலுமினியத் தாளில் ஒரு மெல்லிய பட்டை வையுங்கள். கட்டாத பெட்டிகளிலும் டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். உடலின் கூரைமேல் டயர் கிடந்த வட்ட வடிவத் தழும்போடு எத்தனையோ நல்ல கிட்கள் வீணாகியிருக்கின்றன.

பச்சைக்கு அடியில் சிவப்பு பிளாஸ்டிக் தென்பட்டால் கவனம் தேவை. அந்தச் சாயம் மேலே பூசும் வெள்ளை, மஞ்சள் வண்ணங்களில் ஊறி ஏறும். முதலில் வெள்ளி வண்ணத்தை மெல்லியதாக அடித்துத் தடுப்பு ஏற்படுத்துங்கள். அந்த வெள்ளியின் மேலேயே ஒளி ஊடுருவும் சிவப்பைப் படலம் படலமாக ஏற்றினால், அக்காலத்து ஹாட் ராட்களின் புகழ்பெற்ற கேண்டி ஆப்பிள் சிவப்பும் கிடைத்துவிடும்.

கேள்வி: தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் டீக்கால் படத் தாள்கள் மஞ்சளித்துவிட்டன. தூக்கி எறியலாமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: எறிய வேண்டாம். ஈரம் படாத உறையில் இட்டு, வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் படம் வெளிப்பக்கம் பார்க்கும்படி சில வாரங்கள் ஒட்டி வையுங்கள், மஞ்சள் வெளுத்துவிடும். தண்ணீரில் இறக்குவதற்கு முன் தெளிவான வார்னிஷ் ஒரு கோட்டு அடித்தால் பழைய படலம் துண்டு துண்டாக உடையாது. முழுத் தாளையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைப்பது நல்லது.

கேள்வி: என்னிடம் 1961ஆம் ஆண்டுக் கார் ஒன்றின் கட்டாத ஏஎம்டி கிட் இருக்கிறது. கட்டலாமா, அப்படியே பாதுகாக்கலாமா என்று முடிவு செய்ய இயலவில்லை.
– ஒரு வாசகர், மிச்சிகன்

பதில்: அந்த அச்சுக்கு என்ன ஆனது என்று முதலில் விசாரியுங்கள். ஆண்டுதோறும் புதிய கார் வரும்போது, சென்ற ஆண்டின் அச்சையே செதுக்கி மாற்றி அடுத்த ஆண்டின் காரை வார்ப்பது அப்போது வழக்கமாக இருந்தது. வேறு சில அச்சுகள் டிராக் (நேர்கோட்டு வேகப்) பந்தயக் கார்களாக வெட்டி மாற்றப்பட்டன. அப்படி மாறிவிட்ட அச்சிலிருந்து பழைய வடிவம் மீண்டும் வரவே வராது. உங்கள் கிட் அவ்வகையைச் சேர்ந்தது, பாகங்கள் முழுமையாக உள்ளன என்றால், பாதுகாப்பதே என் அறிவுரை. கட்ட வேண்டும் என்ற ஆசையை, அதே கார் அரைகுறையாகக் கட்டப்பட்ட நிலையில் கிடைத்தால் அதில் தீர்த்துக்கொள்ளுங்கள். 1932 ஃபோர்டு போல மறுவெளியீடு வந்துகொண்டே இருக்கும் வகையானால், தயங்காமல் கட்டுங்கள். சிறுவர்களின் கையில் பசையும் கத்தியும் படுவதற்கென்றே அவை செய்யப்பட்டன.

கேள்வி: ஃப்ளாட்ஹெட் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் வயர்கள் இட விரும்புகிறேன். எந்தத் தடிமன், எந்த வரிசை?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: உண்மையான வயர் 7 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும்; 25ஆல் வகுத்தால் 0.3 மில்லிமீட்டர். பழுதான ஹெட்போன் கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய இழைகளில் இந்த அளவுக்கு அருகில் வருவது கிடைக்கலாம். இந்த எஞ்சினில் பிளக்குகள் தட்டையான தலைகளின் மேற்புறத்தில் அமைந்திருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் கீழே, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டின் முனையிலேயே இருக்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க, வலப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. தீப்பற்றும் வரிசை 1-5-4-8-6-3-7-2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஊசியால் துளையிட்டு எட்டு இழைகளையும் அங்கே முதலில் ஒட்டிக் காயவிட்டு, எஞ்சினைச் சட்டத்தில் பொருத்துவதற்கு முன்பே தலைகளுக்குக் கொண்டுபோய்விடுங்கள். ரேடியேட்டர் ஏறிய பிறகு விரல் நுழைய இடம் இருக்காது.