என்95 அணிந்தும் குளுட்டரால்டிஹைடு அறையில் கண் எரிவது ஏன்?

மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் குளுட்டரால்டிஹைடு கரைசல் உள்ள அறையில் என்95 முகக்கவசம் அணிந்தும் கண் எரிகிறது, கவசம் போலியோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் முகக்கவசம் போலியல்ல. என்95 காற்றில் மிதக்கும் துகள்களைத்தான் வடிகட்டும், ஆவியைத் தடுக்காது. எண்டோஸ்கோப்புகளை (உடலின் உட்புறத்தைப் பார்க்கும் குழாய்க் கருவிகளை) ஊறவைக்கும் 2 சதவீதக் கரைசலிலிருந்து எழுவது ஆவி. இரண்டு கவசங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்தாலும் பயன் இல்லை.

கருவிகளை ஊறவைக்கும் தொட்டி மூடாமல் இருப்பதும், கூரையருகே மட்டும் இருக்கும் காற்றுப்போக்கியும்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மேலே இழுக்கப்படும் ஆவி உங்கள் முகத்தைக் கடந்துதானே போகும்? உறிஞ்சும் வாய் தொட்டிக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

இதைச் சோதித்துப் பாருங்கள்:

1. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் காற்றுப்போக்கியின் வாயருகே பிடியுங்கள். உள்நோக்கி இழுபடாவிட்டால் அது வேலை செய்யவில்லை.
2. ஒரு வாரம் தொட்டியை இறுக மூடியே வையுங்கள். கருவியை வைக்கும்போதும் எடுக்கும்போதும் மட்டும் திறங்கள். எரிச்சல் குறைகிறதா என்று குறித்துவையுங்கள். நிர்வாகத்திடம் பேசும்போது அந்தக் குறிப்பு உங்களுக்குத் துணைநிற்கும்.

கையுறை நைட்ரைல் அல்லது பியூட்டைல் ரப்பராக இருக்கட்டும். மெல்லிய லேடெக்ஸ் போதாது.

வாடை பழகிவிட்டது என்பதால் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணாதீர்கள். அமெரிக்காவின் ஏசிஜிஐஎச் (பணியிடச் சுகாதார வல்லுநர்களின் அமைப்பு) பரிந்துரைக்கும் உச்ச வரம்பே காற்றில் பத்து லட்சத்தில் 0.05 பங்குதான். இந்த வேதிப்பொருள் தொழில்சார் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். விடுமுறை நாளில் இருமல் தணிந்து, பணிக்குத் திரும்பியதும் மீண்டும் வந்தால், அல்லது நெஞ்சில் இழுப்புச் சத்தம் கேட்டால், சோதனைகளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். எந்த வேதிப்பொருளுடன் வேலை செய்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.