மலை மேல் சிக்னல் கிடைக்காது

கேள்வி: மருந்துக் கடைகளுக்கான பில் மென்பொருள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் குழுத் தலைவராக இருக்கிறேன். வயது 34. வேலையைச் சிறு சிறு பகுதிகளாக முடித்து வெளியிடும் அஜைல் முறைப்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பைத் தயார் செய்துவிடுகிறோம். சேவைப் பிரிவினரோ கணினிச் சேவைகளை நடத்துவதற்கான ஐ.டி.ஐ.எல். நடைமுறை என்று சொல்லி ஒவ்வொரு மாற்றத்துக்கும் படிவம், செவ்வாய்க்கிழமைக் கமிட்டி, கையெழுத்து என்று இழுத்தடிக்கிறார்கள். அதனால் வெள்ளிக்கிழமை மாலைதான் வெளியிட முடிகிறது. முடித்த கையோடு மனைவி, குழந்தையுடன் ஏற்காட்டில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே சிக்னல் கிடைக்காது, திங்கள் காலை வரை நிம்மதி. ஹெல்ப் டெஸ்க்கில் ஒரு பெண் இருப்பார், பார்த்துக்கொள்வார். இந்த இரண்டு முறைகளும் ஒத்துப்போக முடியுமா? எதை விடுவது? (சேலம் வாசகர்)

பதில்: தம்பி, அஜைலையும் ஐ.டி.ஐ.எல்.லையும் சற்று ஓரமாக வையுங்கள். சிக்னல் கிடைக்காது என்று எழுதினீர்களே, அதை முதலில் பேசுவோம்.

சனிக்கிழமை மாலை ஏழு மணி. ஆத்தூரில் ஒரு மருந்துக் கடை, வாசல்வரை கூட்டம். முந்தைய நாள் நீங்கள் அனுப்பிய பதிப்பில் பில் அச்சாகவில்லை. கடைக்காரர் யாரைத் திட்டுவார்? அந்தப் பெண்ணை. அவர் உங்களுக்குப் போன் செய்வார். நீங்களோ இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, காப்பித் தோட்டத்து நிழலில். ‘பார்த்துக்கொள்வார்’ என்கிறீர்களே, எதை வைத்துப் பார்த்துக்கொள்வார்? மன்னிப்புக் கேட்பதைத் தவிர அவர் கையில் என்ன கொடுத்துவிட்டுப் போனீர்கள்? அவருக்கும் வீட்டில் ஒரு குழந்தை காத்திருக்கலாம். அவர் பெயரையாவது எழுதியிருக்கலாம். ‘ஒரு பெண்’ என்கிறீர்கள்.

பெண் கொடுத்த வீட்டுக்கு அடிக்கடி போகிற மருமகன்களை எனக்குப் பிடிக்கும். இந்தக் காலத்தில் அது அபூர்வம். ஆனால் மாமனாரைப் பார்க்கப் போவதாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. சிக்னல் இல்லாத இடம் என்று போகிறீர்கள். மருமகன் வந்திருக்கிறார் என்று அந்தப் பெரியவர் இலை போட்டுக்கொண்டிருக்கிறார். வந்திருப்பது தலைமறைவு ஆசாமி என்று அவருக்குத் தெரியாது.

என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்தவர். கம்பி இழுப்பது ஒரு வீடு, வளையம் கோப்பது இன்னொரு வீடு, மெருகு வேறொரு வீடு. பற்று விட்டுப்போன கொலுசு எந்த ஊர்க் கடையிலிருந்து திரும்பினாலும் நேராக எங்கள் திண்ணைக்குத்தான் வரும். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துபோய் ஊதுகுழலை எடுப்பார். அதற்குக் கூலி கிடையாது, முணுமுணுப்பும் கிடையாது. (அம்மா முணுமுணுப்பார். அது வேறு கதை.) உருவாக்கியவர்களே அதை ஓட்டவும் வேண்டும் என்று அமேசானின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் 2006-ல் ஒரு பேட்டியில் சொன்னார். உங்கள் துறையில் அதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் இதைச் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சரி, உங்கள் சண்டைக்கு வருகிறேன். 2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலை விடுதி ஒன்றில் 17 பேர் கூடி எழுதியதுதான் உங்கள் அஜைல் அறிக்கை. விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளுக்கே முதலிடம் என்றார்கள். ஆவணங்களுக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள், அதை மட்டும் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறீர்கள். ஓடுகிற மென்பொருள் என்றால் வெள்ளிக்கிழமை உங்கள் மேசையில் ஓடுவதா, சனிக்கிழமை ஆத்தூரில் ஓடுவதா?

எதிர்த் தரப்பையும் சும்மா விடமாட்டேன். ஐ.டி.ஐ.எல். 1980களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் அரசு தன் கணினிச் சேவைகளை ஒழுங்குபடுத்த உருவாக்கியது. வழக்கமான, ஆபத்துக் குறைந்த மாற்றங்களுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. அவசர மாற்றத்துக்குத் தனி வழியும் உண்டு. 2019-ல் வந்த நான்காம் பதிப்பில் முதலில் மாற்றத்தைக் ‘கட்டுப்படுத்துவது’ என்றிருந்த சொல் பிறகு போய், நடக்க ‘வழி செய்வது’ என்ற சொல்லே வந்துவிட்டது. எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமைக் கமிட்டியில் கொண்டுபோய்க் கட்டுவது உங்கள் சேவைப் பிரிவின் சோம்பல். ஆனால் அவர்களுக்கு ஏன் இவ்வளவு படிவம் தேவைப்படுகிறது? கூப்பிட்டால் வராத ஆளிடம் கையெழுத்தையாவது வாங்கி வைத்துக்கொள்வோம் என்றுதான். அந்தப் படிவத்தின் பாதி நீளம் உங்களால் வந்தது.

கையெழுத்து வெள்ளிக்கிழமை கிடைத்தால் திங்கள் காலை வெளியிடுங்கள். இரண்டு நாளில் எந்த மருந்து கெட்டுப்போகும்? வார இறுதி அழைப்புகளை உங்கள் குழுவில் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் முறை தலைவருடையது. அடுத்த ஸ்பிரிண்ட்டை, அதாவது உங்கள் இரண்டு வார வேலைச் சுற்றை, திட்டமிடும்போது அந்தப் பெண்ணை அழைத்து உட்காரவைத்து, அந்த மாதம் எந்தப் புகார் எத்தனை தடவை வந்தது என்று கேளுங்கள். திரும்பத் திரும்ப வரும் புகாரை ஒவ்வொரு முறையும் ஒட்டுப்போட்டு அனுப்பாமல், அதன் வேரை உங்கள் வேலைப் பட்டியலில் முதலிடத்தில் போடுங்கள், திரைக்குப் புது வண்ணம் பூசுவதற்கு முன்னால். ஸ்பிரிண்ட்டில் அதற்கென்று நேரமும் ஒதுக்குங்கள். சில வெளியீடுகள் புகாரில்லாமல் போகட்டும். அதன்பிறகு கமிட்டியிடம் போய், சிறிய மாற்றங்களுக்கு நிரந்தர அனுமதி கேளுங்கள். இப்போது கேட்டால் நானே தரமாட்டேன்.

ஏற்காட்டுக்குப் போங்கள், உங்கள் முறை இல்லாத வாரத்தில். மாமனார் வீட்டில் தரைவழித் தொலைபேசி இருந்தால் அந்த எண்ணை ஹெல்ப் டெஸ்க்கில் கொடுத்துவிட்டுப் போங்கள். கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.